3,310 ரூபாயில் ஒரு மார்கழி நாட்டியம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அதுதான் முறை.

போன மார்கழியில் ஆம்பூரிலிருந்து இரண்டு நாள் சென்னைக்குப் போய்வந்தோம். இரண்டு பேர். லாட்ஜ் அறை 1,200 ரூபாய். சாப்பாடு, டிபன், காபி 1,140. ரயில், பஸ், ஆட்டோ 760. மியூசியம், கோயில், சில்லறைச் செலவு 210. ஆக மொத்தம் 3,310. போனது நாட்டியம் பார்க்க. அதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

உங்களில் சிலர் நம்பமாட்டீர்கள். டிசம்பர் சீசன் என்றால் பட்டுப்புடவை, கார், ஆயிரம் ரூபாய் டிக்கெட் என்றுதான் நம் பக்கத்தில் நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. பல சபாக்களில் பகல் நேர நிகழ்ச்சிகளுக்கு நுழைவு இலவசம். வளர்ந்துவரும் பிள்ளைகள் ஆடுவார்கள், பாடுவார்கள். மாலை ஆறு ஏழு மணிக்கு மேல் வரும் பெரிய பெயர்களுக்குத்தான் டிக்கெட். சீசன் தொடங்குவதற்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் பத்திரிகைகளில் போட்டுவிடுகிறார்கள். நான் அதைக் கத்தரித்து, பென்சிலால் கோடு போட்டு, ரயில் நேரத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் கிளம்பினேன்.

என்னைப் பற்றித் தெரியாத புதியவர்களுக்கு ஒரு வரி. பிறந்தது காரைக்கால். படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அந்தப் படிப்பு கொஞ்ச காலம் இருந்தது. தமிழில் பேசுகிறேன், ஆபீசில் இங்கிலீஷில் நோட் எழுதினேன், ஆனால் கணக்கு மட்டும் இன்றும் மனசுக்குள் பிரெஞ்சில்தான் ஓடும். அந்த மொழியில் எழுபத்து நாலு என்று சொல்ல 'அறுபதும் பதினாலும்' என்பார்கள். என் வயதைக் கேட்டால் அதனால்தான் ஒரு கணம் யோசிக்கிறேன். வேலைக்கு வந்த இடத்தில் ஆம்பூருக்கு மாற்றலாகி, இங்கேயே வீடு கட்டி, இங்கேயே ரிட்டயர் ஆனேன்.

என்னோடு வந்தவர் எங்கள் தெரு மேஸ்திரி. கட்டட மேஸ்திரி இல்லை, தோல் ஷாப்பு மேஸ்திரி. பன்னிரண்டு வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர். பிறகு சவ்வு சீவுகிற பகுதி, டிரம், கடைசியில் தோலைத் தரம் பிரிக்கிற மேசை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. தோலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கட்டைவிரலால் பார்த்துவிடுவார். இப்போது வேலைக்குப் போவதில்லை. காலையில் என்னோடு நடக்க வருவார். அந்த நடையில்தான் பேச்சு வந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி, பயணம் முடியாது. "நீங்க வாங்களேன் மேஸ்திரி" என்றேன்.

"இன்னா சார், நம்ம மாதிரி ஆளுங்க அங்க இன்னாத்துக்கு?" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னார். "சார், ஏசி ரூம்புல பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்கினு இருப்பாங்க. நம்மகிட்ட வாட அடிச்சா?"

அவர் வேலையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. எந்த வாடையும் இல்லை. நானும் அதைச் சொன்னேன். "ஒங்களுக்குத் தெரியாது சார். நீங்க இந்த ஊர்லயே கீறீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆம்பூரில் இருப்பவனுக்கு ஆம்பூர் வாடை தெரியாது என்பது வாஸ்தவம்தான். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள்தான் ரயிலை விட்டு இறங்கியதும் மூக்கைச் சுளிப்பார்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி இந்தத் தொழில் நீண்டு கிடக்கிறது. இங்கிருந்து போகும் ஷூக்களை ஐரோப்பாவில் போட்டு நடக்கிறார்கள். பாலாறு கெட்டதும் இந்தத் தொழிலால்தான். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்பதை நாட்டுக்கே சட்டமாக வைத்தது. சோறு போட்டதும் அதே தொழில், ஆற்றைக் கெடுத்ததும் அதே தொழில். ஆனால் வாடை என்கிற பேச்சு வரும்போது அது முதலாளி மேலும் வருவதில்லை, ஷூ போடுகிறவன் மேலும் வருவதில்லை. தொட்டியில் இறங்கியவன் மேல்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது.

கடைசியில் மேஸ்திரி வந்தார். புதுச் சட்டை, வெள்ளை வேட்டி. கழுத்தில் ஜவ்வாது தாராளம்.

விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ். சென்னைக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர். உட்காரும் இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கு நூறு ரூபாயை ஒட்டித்தான் ஆகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரையைக் காட்பாடி தாண்டியதும் பிரித்தோம். அரக்கோணம் போனதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அடுத்து திருவாலங்காடு ஸ்டேஷன் வரும். எக்ஸ்பிரஸ் நிற்காது. ஆனாலும் காரைக்கால்காரன் யாரும் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் போகமாட்டான்.

ஏனென்று மேஸ்திரி கேட்டார். காரைக்கால் அம்மையார் கதையைச் சொன்னேன். வணிகர் வீட்டுப் பெண் புனிதவதி. மாம்பழ அதிசயம் கண்டு புருஷன் பயந்து விலகிப் போய் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இந்த அழகும் உடம்பும் எனக்கு எதற்கு என்று பேய் வடிவத்தை வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எலும்பும் நரம்புமான உடம்பு. கயிலைக்குக் காலால் நடக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனாள். என்ன வேண்டும் என்று சிவன் கேட்டபோது, நீ ஆடும்போது உன் காலடியில் இருக்க வேண்டும் என்றாள். திருவாலங்காட்டுக்குப் போ என்று உத்தரவானது. அங்கே சுடுகாட்டில் அவன் ஆட, அவள் பாடினாள். இது பெரிய புராணத்தில் உள்ள கதை.

"நாட்டியம் பார்க்கறதுக்காக ஊரை விட்டு இந்தப் பக்கம் கிளம்பி வந்த எங்க ஊர்க்காரங்களில் நான் இரண்டாவது ஆள், மேஸ்திரி" என்றேன். சிரித்தார். பிறகு, "பேய் மாதிரி கீற பொம்பளைய கிட்டக்க சேத்தாரே, அவரு பெரிய ஆளுதான்" என்றார்.

பெரியமேட்டில் அறை எடுத்தோம். சென்ட்ரலிலிருந்து நடந்து போகிற தூரம். இதை மேஸ்திரிதான் சொன்னார். சென்னையில் தோல் வியாபாரம் முழுக்க அங்கேதான். நம் ஊர்க் கம்பெனிகளுக்கு அங்கே ஆபீஸ்கள் உண்டு. லோடு கூட வந்து அந்தத் தெருக்களில் தங்கிய பழக்கம் அவருக்கு இருந்தது. அறை சின்னது, சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது. நமக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்தில் பிரியாணிக் கடைகள் நிறைய. "ஆம்பூர்லேர்ந்து வந்து மெட்ராஸ்ல பிரியாணி துன்றதா?" என்று மேஸ்திரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாம்பார் சாதத்தோடு முடித்துக்கொண்டோம்.

நிகழ்ச்சி நாலு மணிக்கு. அதுவரை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். (வெள்ளிக்கிழமை விடுமுறை, நினைவில் வையுங்கள்.) அங்கே வெண்கலச் சிலைகளுக்குத் தனிக் கட்டடம் இருக்கிறது. அதில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். சோழர் காலத்துச் சிலை. நான் இதற்கு முன் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன்.

இந்தச் சிலைக்கும் நான் படித்த மொழிக்கும் ஓர் உறவு உண்டு. பிரான்சின் பெரிய சிற்பி ரொதேன் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை மியூசியத்துச் சிலைகளின் புகைப்படங்களை மட்டும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, முகம், இடுப்பு, கை, கால் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். அவர் 1917-ல் இறந்துபோனார். கட்டுரை 1921-ல் பாரிசில் அச்சானது. அதற்கும் முன்பு, 1906-ல் கம்போடிய நாட்டியப் பெண்கள் பிரான்சுக்கு வந்தபோது, பாரிசில் பார்த்தது போதாமல் மார்செய் துறைமுகம் வரை அவர்கள் பின்னாலேயே போய் ஏராளமான படங்கள் வரைந்தவர் அவர். நாட்டியத்துக்காக ஊர் விட்டு ஊர் போன கூட்டத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேஸ்திரிக்கு நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்ததா தெரியவில்லை. அவர் தூக்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கால்ல ஒண்ணுமே பாரம் இல்ல சார். அந்தக் கால் மட்டும் நிக்கிது, இது பறக்குது" என்றார். ரொதேன் பல பக்கம் எழுதினார். எனக்கு மேஸ்திரி சொன்னதே போதும்.

பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் போனோம். எந்தச் சபா என்று சொல்லவில்லை. அது முக்கியமில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான். 1900-ல் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபை தொடங்கியதிலிருந்து சென்னையில் இந்தச் 'சபா' என்கிற சொல் நின்றுவிட்டது. ஆனால் சபை என்ற சொல் நமக்கு அதைவிடப் பழையது. சிவன் ஆடிய ஐந்து இடங்களுக்கும் அதுதான் பெயர்: சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிசபை, நெல்லை தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை, திருவாலங்காடு ரத்தினசபை. ரயிலில் தாண்டி வந்தோமே, அது.

ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். மேஸ்திரி நாற்காலியின் ஓரத்தில், உடம்பைக் குறுக்கிக்கொண்டு. அவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். அலாரிப்பு முடிந்ததும் அந்த அம்மாள் எழுந்து வெளியே போனார். மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை என்னால் இங்கே எழுத முடியாது. பத்து நிமிடம் கழித்து அந்த அம்மாள் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கேன்டீன்ல கீரை வடை இப்பதான் போடறா, சூடா இருக்கு" என்று மேஸ்திரியிடம் சொன்னார். அப்போதுதான் அவர் முதுகை நாற்காலியில் சாய்த்தார்.

ஆடிய பெண்ணுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். அலாரிப்பு, ஜதீஸ்வரம், வர்ணம், இரண்டு பதம், தில்லானா. தஞ்சை நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வரிசை இன்றும் பெரிதாக மாறவில்லை. வர்ணம் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல். எனக்கு இதில் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் அந்தப் பெண் வர்ணத்தின் கடைசிப் பகுதியில் களைத்துப்போனதும், மூச்சு வாங்குவதைச் சிரிப்புக்குள் மறைத்ததும், பிறகு எங்கிருந்தோ ஒரு பலம் வந்து காலை ஓங்கித் தட்டியதும் எனக்குத் தெரிந்தது. மேஸ்திரிக்கும் தெரிந்தது. "பாவம் சார், கொழந்த" என்றார். அடுத்த ஜதிக்குத் தொடையில் தாளம் போட்டார்.

அவர் பார்வை பாதி நேரம் ஆடுகிறவள் மேல் இல்லை. நமக்கு இடப்புறம், மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பக்கவாத்தியத்தின் மேல். குறிப்பாக மிருதங்கத்தின் மேல்.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தது. மிருதங்கக்காரர் சின்ன வயதுப் பையன். தொப்பிப் பக்கம் ஒட்டியிருந்த ரவைப் பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி மேடைக்குக் கீழே போய் நின்றார். நான் பின்னால் போனேன்.

"தம்பி, தொட்டுப் பாக்கலாமா?"

பையன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி யோசித்திருப்பார். வாத்தியத்தைப் பிறர் தொடுவதை அவர்கள் விரும்புவதில்லை. பிறகு, "வாங்க ஐயா, பாருங்க" என்று மேடை விளிம்புக்கு நகர்த்தினார்.

மேஸ்திரி இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். கட்டைவிரலை வைத்தார். வலந்தலையின் ஓரம், உள்பக்கம், பிறகு அந்தப் பக்கம், பிறகு குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த வார். கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார்.

"வாரு எரும. இந்த ஓரம் மாடு. உள்ள ஆடு. எதுவும் பதம் போட்டதில்ல, பச்சத் தோலு. பதம் போட்டா மெத்துனு ஆயிடும், சத்தம் வராது."

"ஐயா மிருதங்கம் செய்வீங்களா?" என்று பையன் கேட்டார்.

"இல்ல தம்பி. ஆம்பூரு. தோல் ஷாப்பு."

பையன் முகம் மலர்ந்தது. அதன் பிறகு இருவரும் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. தோலின் எந்தப் பகுதி, முதுகா வயிறா, வயசான மாடா, கன்று போட்டதா, வெயிலில் காயவைத்ததா என்று மேஸ்திரி கேட்கக் கேட்க, பையன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் கல்லைப் பொடியாக்கிச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து வைப்பது என்றார். தோல் தளர்ந்ததும் மூட்டு மாற்றிக் கொடுக்க ஒரு வயதானவர் இருக்கிறாராம். அவர் கைபட்டால்தான் சுருதி சேருமாம்.

அந்த நேரம் ஆடிய பெண் சலங்கையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். கழற்றியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நாங்கள் பார்த்தோம். தோல் பட்டையில் வரிசை வரிசையாகத் தைத்த சலங்கை. வியர்வையில் பட்டை கறுத்திருந்தது. மேஸ்திரி அதைத் தொடவில்லை. பார்த்தே சொன்னார்: "இது பதம் போட்டது. கடுக்கா, பட்ட போட்டு ஊறவெச்ச தோலா இருந்தா வேர்வையக் குடிக்கும் பாப்பா, கால உறுத்தாது." அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

கிளம்பும்போது மேஸ்திரி பையனிடம் ஒரு கேள்வி கேட்டார். குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்தப் பெரியவரு, மூட்டு கட்டிக் குடுக்கறவரு. நீ வாசிக்கறத வந்து பாப்பாரா தம்பி?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வேலையை முடிச்சு வாத்தியத்தைக் கொடுக்கும்போது அவரே தட்டிப் பார்ப்பார். இங்கே... நான் கூப்பிட்டதில்லை ஐயா" என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு அதே நினைப்பு. நம் மொழி வாத்தியங்களை நாலாகப் பிரிக்கிறது: தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி. மிருதங்கத்துக்கு உரிய வகையின் பெயரிலேயே தோல் இருக்கிறது. திருவாலங்காட்டுப் பதிகத்தில் அம்மையாரும் அந்தச் சுடுகாட்டு ஆட்டத்துக்கு முழங்கிய கருவிகளை வரிசையாகச் சொல்கிறார். மத்தளம், தமருகம், குடமுழா என்று அதில் தோற்கருவிகள் பல. நாடக மேடைக்குச் செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். தோல் தீட்டு. ஆனால் சலங்கையாகி வந்தால் அதே தோலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தோல் மேடை ஏறிவிட்டது. தோலைக் கொடுத்த கை மட்டும் தெருவில் நிற்கிறது.

இதை முதலில் சொல்பவன் நான் இல்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள், தஞ்சாவூர்ப் பக்கம் வேர் கொண்டவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை உலகம் கொண்டாடியது. அந்த நாதத்துக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்து என்பவரை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்திதான்.

ஆட்டத்தின் கதையும் இப்படியேதான். தலைமுறை தலைமுறையாக இதைக் காப்பாற்றியவர்கள் தேவதாசிக் குடும்பத்துப் பெண்களும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நட்டுவனார்களும். 1935-ல் ருக்மிணி தேவி மேடை ஏறினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது, நல்ல குடும்பத்துப் பெண்களும் ஆடலாம் என்று ஆயிற்று. 1947-ல் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான். ஆனால் பல பழைய குடும்பங்கள் மேடையிலிருந்தும் இறங்கிப் போயின. அந்த மரபில் வந்து கடைசிவரை நிமிர்ந்து நின்று ஆடியவர் பாலசரஸ்வதி. மியூசிக் அகாதெமி 1973-ல் அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. நாட்டியக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

மேஸ்திரிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அறைக்கு வந்து படுத்த பிறகு அவர் சொன்னார்: "சார், நான் இத்தினி வருஷமா, நம்ம தோலு ஷூவாத்தான் போவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதான் கால்ல மிதிக்கறதுதானேன்னு. அது பாட்டு கூடப் பாடுது." கொஞ்ச நேரம் கழித்துக் குறட்டை கேட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் திரும்பும்போது நேராக ஆம்பூர் வண்டி பிடிக்காமல், சென்ட்ரலில் அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினோம். அது திருவாலங்காட்டில் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ கிடைத்தது. வடாரண்யேஸ்வரர் கோயில். கூட்டம் அதிகமில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆடும் சிவனுக்குப் பக்கத்தில், தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விலா எலும்பு தெரிய, ஒரு கிழ உருவம் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் எங்கள் ஊர் அம்மையார். நாயன்மார் வரிசையில் எல்லோரும் நிற்பார்கள், இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார் என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். ஆடுகிறவனுக்கு மிக அருகில் இருக்கும் இடம் ராஜாவுக்கு இல்லை, பணக்காரனுக்கு இல்லை. ஊர் கண்டு பயந்த, பார்க்கச் சகிக்காத உருவத்துக்குத்தான். கையில் தாளம் இருப்பதால் அவர் வெறும் பார்வையாளரும் இல்லை. அந்த ஆட்டத்தில் அவருக்கும் ஒரு வேலை உண்டு.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டபோது மேஸ்திரி தன் செருப்பை ஒரு முறை திருப்பிப் பார்த்து, "மட்டமான தோலு" என்றார். உள்ளே போய் வெகுநேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அரக்கோணம் வந்து வண்டி மாறி, இரவு ஆம்பூர் சேர்ந்தோம். இறங்கியதும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "ஆமா சார், வாட கீது" என்று சிரித்தார். கழுத்தைக் குனிந்து முகர்ந்து பார்க்கவில்லை. ஊரைச் சொன்னார்.

நம் வயதுக்காரர்கள் போக நினைத்தால் சில குறிப்புகள். டிசம்பர் பதினைந்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை போகலாம். பகல் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். இலவசம் என்பது ஒன்று, இரவில் அலைய வேண்டாம் என்பது இன்னொன்று. அரங்கில் குளிர் அதிகம், ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டால் கேன்டீனில் ஒரு கை பார்க்கலாம். ஆடுகிற பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுவதுதான் அதிகம். பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் வீட்டிலிருந்து செலவழித்து மேடை ஏறுகிற குடும்பங்கள் உண்டு. ஆகவே நடுவில் எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

இந்த வருடமும் போகிறோம். நாலு பேர் சேர்ந்தால் அறைச் செலவும் ஆட்டோச் செலவும் ஆளுக்குப் பாதியாகும், கணக்குப் போட்டுவிட்டேன். உட்காரும் இடத்தையும் மேஸ்திரி முடிவு செய்துவிட்டார். நமக்கு இடப்புறம், முதல் இரண்டு வரிசைக்குள். அங்கிருந்தால்தான் மிருதங்கக்காரர் கை தெரியுமாம்.